ராவிலே இருபத்தாறு யூனிட்

இனிமேல் மீட்டிங் கிடையாது என்று அறிவித்த அன்று ஆபீசில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த ஆபீசின் தமிழ் ஆள். மலையாள நாட்டில், கிழக்கேகோட்டை என்ற இடத்தில், ஒரு மூன்றாவது மாடியில் பதினொரு பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி அது. ஒரு தனியார் சர்க்கரை நோய் கிளினிக்குக்காக, அங்கே வரும் நோயாளிகளுக்குப் போன் செய்து மருந்து நேரத்தை ஞாபகப்படுத்துவது எங்கள் தொழில். போனை எடுத்தால் பதிவு செய்த குரல் பேசும். மலையாளத்துக்கு ஒரு குரல், தமிழுக்கு ஒரு குரல். தமிழ்க் குரல் என்னுடையது. பெயர் திவ்யலட்சுமி, வயது முப்பத்தொன்பது, பிறந்து வளர்ந்தது பக்கத்துக் கடைவீதியான ஆரியசாலை. மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து மிளகாய் வியாபாரத்துக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான். இவ்வளவு போதும் என்று என்னைத் தமிழ் ஆள் ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள்கூடப் படித்ததில்லை என்று நானும் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கடைப் பெயர்ப்பலகை வரைக்கும் பயமில்லை, அதற்கு மேல் போனால் வியர்க்கும்.

மீட்டிங் இருந்த வரைக்கும் இது வெளியே தெரியவில்லை. மீட்டிங்கில் பேசினால் போதும், எதையும் செய்து காட்ட வேண்டாம். எங்கள் மேனேஜர் சுதீஷ் சாருக்கு மீட்டிங் என்றால் உயிர். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்குத்தான் எழுந்திருப்போம். தமிழ் அழைப்புக்காக மட்டும் ஆறு மீட்டிங் போட்டோம். முதலாவதில் வணக்கம் சொல்வதா நமஸ்காரம் சொல்வதா என்று நாற்பது நிமிடம் போனது. காலையில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள், முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே ஞாபகப்படுத்திவிடலாம் என்று முடிவு செய்ய இரண்டு மீட்டிங். அழைப்பு நீளமாக இருந்தால் பாதியில் வைத்துவிடுவார்கள் என்று 'நாளைக்கு' என்ற சொல்லை வெட்ட இன்னொரு மீட்டிங். ஆறு மீட்டிங்கிலும் அந்தத் தமிழ் வாக்கியத்தை ஒருவராவது முதலிலிருந்து கடைசி வரை கேட்டோமா என்றால், இல்லை. மினிட்ஸ் எழுதுவது நான். 'டீம் சரிபார்க்கும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் சரிபார்த்த மாதிரியே ஆகிவிடும். டீம் என்று ஓர் ஆள் எங்கள் ஆபீசில் இல்லவே இல்லை.

இதையெல்லாம் கலைத்துப் போட்டவள் நீது. புதிதாகச் சேர்ந்த பிராஜெக்ட் லீட், முப்பது வயதுகூட இருக்காது, குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. ஒரு மாதம் மீட்டிங் இல்லாமல் இருந்து பார்க்கலாம் என்று சுதீஷ் சாரிடம் எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டாள். அதற்குப் பதில் அவள் கொண்டுவந்தது இரண்டு மணி நேர வேலை. மூன்று பேர், ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு வேலை. போன்களைக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஒருவர் டைப் அடிக்க மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கீபோர்டு கை மாறும். எடுத்த வேலை முடியாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

கீபோர்டு கை மாறும் என்ற அந்த ஒரு விதிதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. என்றைக்காவது ஒரு நாள் அது என் முன்னால் வரும், தமிழில் அடி என்பார்கள், இரண்டு பேர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எழுத்தைத் தேடுவேன். தமிழ் ஆளுக்குத் தமிழ் தெரியாது என்று ஊர் சிரிக்கும். எனக்கு அப்போது அவ்வளவுதான் பயம்.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை வந்தது. முந்தின நாள் புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் தமிழ் அழைப்புகள் முதல்முதலாகப் போயிருந்தன, பத்தொன்பது பேருக்கு. வியாழக்கிழமை காலை வேலை, அதே செய்தியை எஸ்எம்எஸ்ஸாக எழுதுவது. உட்கார்ந்தது நீது, நான், பிரவின்ராஜ். பிரவின்ராஜ் மார்த்தாண்டத்துப் பையன், தினமும் ரயிலில் வருவான், அழைப்புகளைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. அவனுக்கும் வீட்டில் தமிழ்.

நீது முதல் பதினைந்து நிமிடம் ஏதோ அட்டவணை போட்டாள். பிறகு கீபோர்டை என் பக்கம் நகர்த்தி, சேச்சி, நீங்கள் போனில் பேசிய வாக்கியத்தை அப்படியே தமிழில் அடியுங்கள், அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றாள். ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக்காக நான் எழுதி வைத்திருந்த தாள் தமிழ்தான், ஆனால் மலையாள எழுத்தில். எனக்கு அதுதான் கண்ணுக்குப் பழக்கம். அதைப் பார்த்துத்தான் மைக்கில் படித்தேன். அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். பிரவின்ராஜ் சிரிக்கவில்லை, பாவம், வேறு எங்கோ பார்ப்பது போல இருந்தான்.

'வணக்கம். இன்சுலின் ஊசியை மறக்காதீங்க. ராவிலே, சாப்பாட்டுக்கு முன்னால, இருபத்தாறு யூனிட்.' அளவு ஆளுக்கு ஆள் மாறும், மாத்திரைக்காரர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை, மற்றதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அடித்து முடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மெல்லக் கூட்டிப் படித்தேன். மூன்றாவது வாக்கியத்தின் முதல் சொல்லில் கண் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் காலைக்கு ராவிலே என்றுதான் சொல்வோம். ராவிலே எழும்பி, ராவிலே காப்பி குடித்து, ராவிலே கடை திறந்து. அது மலையாளம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்து எங்கள் அத்தை வருவாள். ராவிலே தூக்கமே வரலை என்பாள், ராவிலே நாய் குரைத்தது என்பாள். அது இரவு. இரண்டும் எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் ஒரே மண்டைக்குள் ஒன்றையொன்று பார்க்காமல் இரண்டும் இருந்திருக்கின்றன. மலையாள எழுத்தில் பார்த்தபோது அது காலையாகவே இருந்தது. தமிழ் எழுத்தில் என் கையாலேயே அடித்துப் பார்த்தபோது இரவாக இருந்தது.

மாலை ஆறு மணிக்குப் போன் அடிக்கிறது. எடுத்தால் ஒரு தமிழ்ப் பெண், ராவிலே சாப்பாட்டுக்கு முன்னால் இருபத்தாறு யூனிட் என்கிறாள். 'நாளைக்கு' என்ற சொல்லைத்தான் நாங்கள் வெட்டிவிட்டோமே. பிறகு என்ன நினைப்பான் மனுஷன்? இன்றைக்கு ராத்திரி என்றுதானே நினைப்பான். கிளினிக்கில் அந்த ஊசியைக் காலையில் போடச் சொல்வது, பகல் முழுக்கச் சாப்பிட்டு நடமாடுவார்கள் என்பதற்காக. ராத்திரி அவ்வளவும் போட்டுக்கொண்டு தூங்கினால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். தூங்குகிறவருக்குத் தெரியாது. எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் நாளே சொன்ன விஷயம் இது.

உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சொல்லை அழித்து 'காலையில்' என்று அடித்துவிட்டுப் பேசாமல் கீபோர்டைத் தள்ளிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இரண்டு பேர் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் அதைத்தான் செய்திருப்பேன். பிரவின்ராஜ் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டான். சொல்லைக் காட்டினேன்.

"அதுக்கென்ன அக்கா? ராவிலேன்னா காலத்த தானே," என்றான்.

அவன் ஊரிலும் அது காலைதான். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழ் ஆளும் அந்தப் பக்கம் ஒரு தமிழ் ஆளும் சேர்ந்து பாஸ் போட்ட வார்த்தை அது. அவனுக்கு விளக்கினேன். நீதுவுக்கு மலையாளத்தில் விளக்கினேன். நீது ஒரு வார்த்தை திட்டவில்லை. தினம் ஒரு வேளை மட்டும் இன்சுலின் போடுகிறவர்கள் அந்தப் பத்தொன்பது பேரில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டாள். நான்கு பேர். மற்றவர்களுக்கு மாத்திரைதான், அவர்களை அடுத்து பார்க்கலாம் என்றாள். கூடையிலிருந்து போன்களை எடுத்தோம்.

முதல் ஆள் பாறசாலைப் பக்கத்து அம்மாள். ராவிலே என்றால் ராவிலேதானே, இன்றைக்கு எழும்பினதும்தான் போட்டேன், ஏன் பிள்ளே பதறுகிறாய் என்று என்னையே கேட்டாள். இரண்டாவது ஆள் வணக்கம் என்றதுமே ஏதோ விளம்பரம் என்று வைத்துவிட்டாராம். என் குரலை மதிக்காத ஒரு மனிதனை வாழ்த்தத் தோன்றியது அன்றைக்குத்தான். மூன்றாவது தென்காசிக்காரர். அவர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாராம். மருமகள்தான், டாக்டர் காலையிலே என்றுதானே சொன்னார் என்று பிடுங்கி வைத்திருக்கிறாள். அதுவரை ஒரு மூலையில், யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது.

நான்காவது பெயர் குற்றாலலிங்கம். வயது அறுபத்தாறு. ஊர் சங்கரன்கோவில், இப்போதைய முகவரி 'ஆரியசாலை, மெஸ்' என்று மட்டும் இருந்தது. அளவு இருபத்தாறு யூனிட், இன்சுலின் ஆரம்பித்து நான்கு நாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தேன். மூன்றாம் தடவையும் எடுக்கவில்லை. நேற்று மாலை அழைப்பை அவர் முழுசாகக் கேட்டிருந்தார் என்று கம்ப்யூட்டரில் பச்சைப் புள்ளி காட்டியது.

நீது உடனே அன்றைய மாலை அழைப்புகளை நிறுத்தினாள். கிளினிக் நம்பர் எங்கேஜ்டாகவே இருந்தது. சேச்சி, நான் ஆட்டோ பிடித்து கிளினிக்குக்கே போய் டாக்டரைப் பிடிக்கிறேன், நீங்கள் ஆரியசாலைக்குப் போங்கள், உங்கள் இடம்தானே, நடந்தாலே பத்து நிமிடம், பிரவின் இங்கேயிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்றாள். சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டாள். அப்போது மணி பதினொன்று எட்டு.

பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். அப்போதுதான் சுதீஷ் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். என்ன சத்தம் என்று கேட்டு, பிரவின்ராஜ் சொன்னதைக் கேட்டு, அவர் முகம் வெளிறிவிட்டது. சொன்ன கையோடு பிரவின்ராஜ் போன் அடிக்கத் தன் மேசைக்குத் திரும்பிவிட்டான். எல்லாரும் உள்ளே வாருங்கள், ஐந்து நிமிடம், எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்காமல் ஒருவரும் ஒன்றும் செய்யக் கூடாது என்றார். திவ்யா, மினிட்ஸ் என்றார்.

நான் போயிருக்க வேண்டும். வாசல் நாலடி தூரத்தில் இருந்தது. என் கையை யாரும் கட்டிப் போடவில்லை. ஆனால் ஆரியசாலையில் ஒரு அறைக் கதவைத் திறந்து என்ன பார்க்கப்போகிறேனோ என்ற பயம் காலைப் பிடித்துக்கொண்டது. மீட்டிங் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கதவை நான் திறக்க வேண்டியதில்லை. அதுமட்டுமில்லை. வெளியே அது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. உள்ளே போய்விட்டால் அது எல்லாருடைய வார்த்தை. நான் உள்ளே போய் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சுதீஷ் சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் பயம், பயந்தால் அவருக்கு மீட்டிங் வரும், அவ்வளவுதான். மினிட்ஸில் இதைத் தவறு என்று எழுதுவதா, வட்டார வழக்கு வேறுபாடு என்று எழுதுவதா என்று முதலில் பேச்சு வந்தது. வட்டார வழக்கு வேறுபாடு என்று எழுதினேன். நாமாகப் போய் நோயாளியைப் பார்த்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமா என்று ஒருவர் கேட்டார். கிளினிக்குக்கு யார் சொல்வது, போனிலா மெயிலிலா என்று இன்னொருவர். நீது ஏற்கெனவே போய்விட்டாள் என்று நான் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் குற்றாலலிங்கத்தின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தேன். மினிட்ஸில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. யார் பெயர் போட என்று கேட்டேன். டீம் என்று போடு என்றார் சுதீஷ் சார். போட்டேன்.

வெளியே போன் அடித்துக்கொண்டிருந்த பிரவின்ராஜ் கதவைத் தள்ளித் தலையை நீட்டினான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"அக்கா, நீங்க இன்னும் போகலியா?"

எழுந்தேன். லேப்டாப்பை மூடினேனா என்றுகூடத் தெரியாது. சுதீஷ் சார் பின்னாலிருந்து கூப்பிட்டார். லிப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கும்போது கைபேசியில் மணி பார்த்தேன். பதினொன்று முப்பது. இருபத்திரண்டு நிமிடம் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

ஓடினேன். முப்பத்தொன்பது வயதில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலைக் கடைவீதியில் ஓடுவது சாதாரணமில்லை. வெங்காய மூட்டை இறக்குகிறவர்கள், தள்ளுவண்டி, ஸ்கூட்டர், எல்லாரும் அன்றைக்கென்று என் வழியில்தான் நின்றார்கள். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள் என்ன திவ்யா என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் ஓடினேன். முதல் மெஸ்ஸில் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். இரண்டாவது மெஸ், உள்சந்தில், சிவகாமியம்மாள் நடத்துவது. கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க, குற்றாலலிங்கம் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"நம்ம சமையல் மாஸ்டரா? மேலதான் இருக்காரு. இன்னைக்கு எழும்பவேயில்ல. புதுசா ஊசி போடுதாருல்லா, அசதியா இருக்கும், தூங்கட்டும்னு விட்டுட்டோம். காலையில இட்லிகூடப் போடல, உப்புமா வச்சுச் சமாளிச்சேன்," என்றாள்.

தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மரப்படியைக் கையால் காட்டினேன், அவளே முன்னால் ஏறினாள். கடைசிப் படியில் என் கால் நின்றுவிட்டது. கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. சிவகாமியம்மாள்தான் தள்ளினாள்.

பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். பனியனும் தலையணையும் தொப்பலாக நனைந்திருந்தன. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும், அது எவ்வளவு பயங்கரமான சத்தமாக இருந்தாலும், இருக்கிறார், இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். தலைமாட்டில் அவருடைய போன் கிடந்தது. திரையில் நாற்பத்தொரு தவறிய அழைப்பு. அதில் பாதி நான் மேசைக்கு அடியில் அழுத்தியது.

நீதுவுக்கு அடித்தேன். அவள் டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். டாக்டரம்மா போனை வாங்கிப் பேசினார். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும், ஒருக்களித்தே வை, சர்க்கரையைத் துளி தண்ணீரில் குழைத்துக் கன்னத்தின் உள்பக்கம் விரலால் தடவிக்கொண்டே இரு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார். தடவினேன். பாதி சர்க்கரை அவர் தாடியில் ஒட்டியது. வண்டி சந்துக்குள் வராது. கீழே மூட்டை தூக்குகிற இரண்டு பேர் அவரை நாற்காலியோடு இறக்கி ரோடு வரை சுமந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் தலை என் தோளில் இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

அவசரப் பிரிவில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்க்கரை இருபத்தேழு. நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடனே விழித்துவிடுவார் என்று நினைத்தேன், விழிக்கவில்லை. ராத்திரி முழுக்க இப்படியே இருந்திருக்கிறார், மூளைக்கு என்ன ஆகியிருக்கிறது என்று விழித்தால்தான் தெரியும் என்றார் சின்ன வயது டாக்டர். எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பன்னிரண்டுக்கு முன்னால் என்று சொன்னேன். அது பொய்யில்லை. எழுதிக்கொண்டே அவர், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது, இந்த மாதிரி கேஸில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்றார்.

பிறகு காத்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே அவர், சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ். சுதீஷ் சாரிடமிருந்து ஆறு மிஸ்டு கால். நான்கு மணிக்கு அவசர மீட்டிங் என்று ஒரு செய்தி. திறந்து படித்துவிட்டு போனைப் பைக்குள் போட்டேன். குற்றாலலிங்கம் இனி விழிக்கவே மாட்டார் என்று ஒரு நேரம் தோன்றும். விழித்துப் பேச்சு வராமல் போய்விட்டால் என்று இன்னொரு நேரம் தோன்றும். சமையல்காரர், கை விளங்காமல் போனால் எங்கே போவார் என்று தோன்றும். சிவகாமியம்மாள் ஒரு பக்கம் உட்கார்ந்து, நான்தானே தூங்கட்டும் என்று விட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். உன் மேல் தப்பில்லை என்று அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். என் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றரைக்கு அவர் கையை அசைத்தார். கண்ணைத் திறந்து கொசுவலை எங்கே என்று கேட்டார். சிவகாமியம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். டாக்டர் வந்து கையைத் தூக்கு, காலைத் தூக்கு, பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னார், கொஞ்சம் குழறலாக. இனிப் பயமில்லை, இரண்டு நாள் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார் டாக்டர். கிளினிக்கிலிருந்து நீதுவும் அப்போதுதான் வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் ஓரளவு புரியும்.

இதற்கு மேல் சொல்லாமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. பயம் என்றால் அப்போதுதான் பயம். கட்டிலோரம் குனிந்து, அண்ணாச்சி, நேற்றுச் சாயங்காலம் உங்களுக்குப் போனில் பேசியது நான்தான் என்றேன். ராவிலே என்று நான் சொன்னது காலையைத்தான், எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கம், உங்கள் ஊரில் அது ராத்திரி என்று நினைத்துப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆனது என்றேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீதானா தாயி அது?" என்றார். "டாக்டரம்மா மலையாளத்துல சொன்னதுல எனக்குப் பாதிதான் விளங்கிச்சு. காலையில போடணும்னுதான் நினைச்சு போட்டுட்டு வந்தேன். நேத்து போன்ல நம்ம பேச்சுல ஒரு பிள்ளை சொல்லுது. அப்போ ராவுலயும் போடணும் போலன்னு நினைச்சேன். நம்ம பேச்சு பேசுத பிள்ளை தப்பாவா சொல்லும்?"

காலையில் ஒரு இருபத்தாறு, ராத்திரி ஒரு இருபத்தாறு. டாக்டரை விட்டுவிட்டு என் குரலை நம்பியிருக்கிறார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊசி குத்தாத கையை மெல்ல நகர்த்தி என் கை மேல் வைத்தார். கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

"அழாத. ஒரு சொல்லு மாறிப் போச்சு, அதுக்கு நீ என்ன செய்வ? தப்புன்னு தெரிஞ்ச உடனே எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்திருக்கியே. இந்தக் காலத்துல யாரு வருவா? எனக்கு அது போதும்."

நீது என் தோளில் கை வைத்தாள். சேச்சி அந்த நிமிடமே கிளம்பிவிட்டார்கள் என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவரிடம் சொன்னாள். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இல்லை, இருபத்திரண்டு நிமிடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணாச்சி," என்றேன்.